மூடி உடைந்த சிப்

சிவப்புத் தொட்டியில் விழுந்த எதையும் கிட்டுசாமியால் சும்மா விட முடியாது.

நியூ ஜெர்சியில் சவுத் பிளெயின்ஃபீல்ட் பக்கம் ஒரு சோதனைக்கூடம். கார்களின் பின்பக்கக் கேமராவுக்கும் இன்னும் பலதுக்கும் போகும் சிப்புகள் அங்கே தட்டுத் தட்டாக வந்து இறங்கும். குளிரில் வைத்து, சூட்டில் வைத்து, உலுக்கு உலுக்கென்று உலுக்கி, பிழைத்ததைத் திருப்பி அனுப்புவார்கள். பிழைக்காதது சிவப்புத் தொட்டிக்கு. ஒவ்வொன்றும் எதனால் செத்தது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒரு பக்கம் எழுதுவது கிட்டுசாமியின் வேலை. எழுதி முடித்த பிறகு அந்தத் தொட்டியை யாரும் சீண்டுவதில்லை. வாரக் கடைசியில் நொறுக்கும் மெஷினுக்குப் போகும். அதற்கு முன் ஒரு கை அள்ளிக்கொள்ள சூப்பர்வைசர் சம்மதித்திருந்தார்.

ஒன்று செத்துவிட்டது என்றால், எந்த வேலைக்குச் செத்தது என்று கேட்பவன் அவன். கரண்ட் கசிந்து தானாகவே சூடேறும் சிப்புகள் ஒரு தடவை முந்நூறு தேறாமல் போயின. அதில் பன்னிரண்டை ஒரு எவர்சில்வர் தட்டின் அடியில் ஒட்டி, இட்லி மாவுப் பாத்திரத்தை மேலே வைத்தான். வெளியே பனி கொட்டும் ஜனவரியில் ஆறே மணி நேரத்தில் மாவு பொங்கி மூடியைத் தள்ளியது. இன்னொரு தடவை, உள்ளே ஒரு பக்கம் எரிந்துபோன டிரான்சிஸ்டரின் இரும்புத் தொப்பியை அறுத்து எடுத்தான். தொப்பி போனதும் வெளிச்சம் பட்டால் விழித்துக்கொண்டது அது. அதைத் தபால் பெட்டிக்குள் பொருத்தி, போஸ்ட்மேன் கதவைத் திறந்தால் தன் அறையில் மணி அடிக்கும்படி செய்தான். குடியேற்ற ஆபீஸிலிருந்து விசா நீட்டிப்புக் கடிதம் வருகிறதா என்று நாலு தரம் வெளியே போய்ப் பார்க்கிற வேலை மிச்சம்.

தாராபுரம் பக்கத்து ஆள். வயது முப்பத்து நாலு. குடும்பத்தில் அவனுக்கு முன்னால் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் கிடையாது. அவன் பி.ஈ. முடித்து, டெக்ஸாஸில் எம்.எஸ். முடித்து, தன் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டத்தையும் மின்னஞ்சல் தவறாமல் போடுவான். அமெரிக்கா கிளம்பிய அன்று ஊர் முக்கில் பஸ் ஸ்டாப்பை மறைக்கும் அளவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அப்படி வழியனுப்பப்பட்டவன் விசா முடிந்துபோய்ப் பெட்டியோடு திரும்பி அதே பஸ் ஸ்டாப்பில் இறங்குவதா?

விசா சுந்தரராமன் கையில் இருந்தது. சோதனைக்கூடத்துக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சி அவருடையது. கிட்டுசாமிக்குச் சம்பளம் அவர் வழியாக வரும். ஆறு வருஷ விசாவில் ஐந்தரை ஓடிவிட்டது. கிரீன் கார்டுக்கான மனுவில் சுந்தரராமன் கையெழுத்துப் போட்டு அனுப்பி, அது பாஸாகிவிட்டால் மேலே இருக்கலாம். போடாவிட்டால் ஆகஸ்டில் கிளம்ப வேண்டியதுதான். இரண்டு வருஷமாக அந்த ஃபைல் அவர் மேசையில் கிடந்தது. கேட்டால், "பண்ணிடலாம்ப்பா, லாயர் ஊர்ல இல்ல" என்பார்.

தங்கியிருந்ததும் அவர் வீட்டில்தான். ஹில்ஸ்பரோவில் பெரிய வீடு. கீழே பேஸ்மென்டில் ஒரு மூலையைத் தடுத்து, கட்டில் போட்டு, புதிதாக வரும் ஆட்களை ஒரு மாதம் இரண்டு மாதம் வைத்திருப்பார்கள். கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர். மற்றவர்கள் வந்து போனார்கள். கிட்டுசாமி ஐந்து வருஷமாக அங்கேயே இருந்தான். கையடக்க ஜன்னல் ஒன்று கூரையோரம் உண்டு. அதில் புல்லின் வேர் தெரியும்.

மேல் வீட்டில் சுந்தரராமன், மனைவி ஜலஜா, பதினாறு வயது மகள் மானஸா. பெண் பள்ளி சயின்ஸ் ஃபேருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று டிசம்பரில் பேச்சு வந்தது. காலேஜ் விண்ணப்பத்துக்கு அது ஆகுமாம். இந்த ஊர் வழக்கப்படி, பிள்ளையின் சயின்ஸ் ப்ராஜெக்ட் அப்பாவிடம் வேலை செய்கிறவன் தலையில் விடியும்.

"கிட்டு, உன் ஓட்டை உடைசல் சிப்ப வெச்சு ஏதாவது பண்ணிக் குடேன். டோட்டலா யூனிக்கா இருக்கணும்" என்றார் சுந்தரராமன்.

"பண்ணிறலாமுங்க சார்."

அந்த வாரம் தொட்டியில் கேமரா சிப்புகள் நிறைய விழுந்திருந்தன. சிப்பைத் தூக்கி வைக்கும் மெஷின் கை கோணிக்கொண்டதில், மேலே மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடி நொறுங்கிவிட்டது. கண்ணாடி போனால் கேமராவுக்கு ஆகாது. தூசி ஏறிவிடும். கிட்டுசாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் மானஸாவிடம் சொன்னான்.

"மண்ணுக்குள்ள இருந்து ரேடான்னு ஒரு கேஸ் வரும்மா. வாசனை இல்ல, கலர் இல்ல. வீட்டுக்கு அடியில விரிசல் வழியா ஏறி, கீழ் ரூம்ல தேங்கி நிக்கும். வருஷக்கணக்குல சுவாசிச்சா நுரையீரலுக்குக் கேன்சர். அது விடுற துகள் ரொம்ப நோஞ்சான். ஒரு தாள் குறுக்க இருந்தாலே நின்னுரும். நல்ல சிப்புல கண்ணாடி இருக்கறதால உள்ள வராது. ஒடஞ்ச சிப்புல நேரா வந்து மோதும். மோதுன எடத்துல வெள்ளையா ஒரு புள்ளி."

"ஸோ த ப்ரோக்கன் ஒன் கேன் ஸீ இட், அண்ட் த குட் ஒன் கான்ட்?" மானஸாவின் கண் விரிந்தது. "அங்கிள், தட்ஸ் ஸோ கூல்."

வெளிச்சம் புகாத கறுப்புப் பெட்டிக்குள் நாலு சிப்பைப் பதித்தார்கள். காற்றுக்கு வளைந்த துளை. வெளியே ஒரு சின்னத் திரை, ஒரு நாளில் எத்தனை புள்ளி விழுந்தது என்று காட்டும். மானஸா ஒட்டினாள், எண்ணினாள், குறித்தாள். மேல் மாடியில் ஒரு சிப்புக்கு ஆறு புள்ளி. ஹாலில் பதினொன்று. சிநேகிதி வீட்டு பேஸ்மென்டில் இருபது. கடைசியாகத் தன் வீட்டு பேஸ்மென்டில், கிட்டுசாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நூற்று இருபத்தெட்டு.

பெட்டி கெட்டுவிட்டது என்று கிட்டுசாமி சிப்பை மாற்றினான். நூற்று முப்பத்தொன்று. கடையில் ரேடான் அளக்கும் கிட் ஒன்று வாங்கி, சொன்ன நாள் வரை வைத்து, லேபுக்குத் தபாலில் அனுப்பினான். பதில் அவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் வந்தது. லேபின் அளவுகோலே வேறு; அதில் நாலைத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும் என்று அரசாங்கம் சொல்லும் இடத்தில், பதினான்கு.

தயிர் சாதத்தை மூடி வைத்தான். முதலில் அவன் மனதில் வந்தது சந்தோஷம். உண்மை அதுதான். குப்பையில் கிடந்த சிப்பும் லேபும் ஒரே பதிலைச் சொன்னது குறித்த சந்தோஷம். ஐந்து வருஷம் தான் இழுத்த மூச்சு அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் மானஸா போஸ்டரை விரித்தாள். அளவு காட்டும் நாலு பட்டைகள். மூன்று குட்டையாக, நாலாவது தாளின் மேல் விளிம்பைத் தொடும்படி சிவப்பில். அடியில் 'எங்கள் வீட்டு பேஸ்மென்ட்' என்று ஆங்கிலத்தில்.

சுந்தரராமன் காபியை வைத்துவிட்டுப் பார்த்தார். "இது என்னது?"

கிட்டுசாமி விளக்கினான். லேப் பதிலையும் காட்டினான்.

"ஐயையோ" என்று வாயில் கை வைத்தாள் ஜலஜா. "மானஸா வயலின் ப்ராக்டீஸ் பண்றது கீழதானே! டெய்லி ஒரு மணி நேரம்!"

"ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆயிடாது" என்றார் சுந்தரராமன்.

"அதெப்படி? இனிமே நீ மேல வந்து வாசிடி. அந்தப் பக்கமே போகாத."

ராத்திரி முழுக்க அங்கேயே படுத்து எழுந்திருக்கிறவன் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். அவன் பக்கம் திரும்பிய ஜலஜா, "நீயும் ஜாக்கிரதையா இருப்பா. ஜன்னலத் தொறந்து வெச்சுக்கோ" என்றாள். ஜனவரி மாதம். வெளியே மைனஸ் ஒன்பது.

"ஒரு பைப்பும் ஒரு ஃபேனும் போட்டாப் போதுமுங்க சார்" என்றான் கிட்டுசாமி. "தரைக்கு அடியில இருந்து உறிஞ்சிக் கூரைக்கு மேல விட்டுரும். ஒரே நாள் வேலைங்க."

சுந்தரராமன் போஸ்டரைச் சுருட்டினார். அவர் சுருட்டும்போது சிவப்புப் பட்டை மட்டும் கொஞ்ச நேரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அன்று பகல் பதினோரு மணிக்கு, "வா, ஓக் ட்ரீ ரோடு போயிட்டு வரலாம், காய் வாங்கணும்" என்று கிட்டுசாமியைக் காரில் ஏற்றினார். இந்த ஐந்து வருஷத்தில் அவன் முன் சீட்டில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். இந்தியக் கடைகள் நிறைந்த எடிசன் போய்ச் சேரும்வரை கிரிக்கெட் பேசினார். பார்க்கிங் தேடி மூன்றாவது சுற்று சுற்றும்போது விஷயத்துக்கு வந்தார்.

"வீட்ட விக்கறேன், தெரியுமில்ல?"

"தெரியாதுங்க சார்."

"டெக்ஸாஸ்ல ஆபீஸ் போடறேன். இர்விங்ல. ஏப்ரல்ல ஷிஃப்ட். உங்க ஊர்ப் பக்கத்துப் பையன் கவின்தான் வாங்கறான். அவன் ஒய்ஃப் ஓவியா. ஏஜென்ட் இல்லாம நமக்குள்ளயே பேசி முடிச்சாச்சு. இன்ஸ்பெக்‌ஷன்கூட வேணாம்னுட்டான், நம்ம ஆளுங்கதானேன்னு. இப்பப் போய் உன் சிவப்பு கலர் பட்டைய ஊரெல்லாம் காட்டினா?"

"ஃபேனப் போட்டுட்டு வித்தா..."

"ஃபேன் போட பர்மிட் வேணும். பர்மிட்டுன்னா டவுன்ஷிப்காரன் கீழ வருவான். கட்டிலப் பாப்பான், ஸ்டவ்வப் பாப்பான். பேஸ்மென்ட்ல ஆள் வெக்கறது இல்லீகல்னு உனக்குத் தெரியாதா? எனக்கு ஃபைன். உன் அட்ரஸ் என்னன்னு கேப்பான். அப்புறம் நீ என்ன சொல்லுவ?" ஒரு கார் வெளியே வந்தது. அந்த இடத்தில் தன் காரைச் செருகிவிட்டு இஞ்சினை அணைத்தார். "கிட்டு, நீ படிச்சவன். வில்லேஜ்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்திருக்க. ரிஜெக்ட் ஆன சிப்ப நம்பி என் வீட்ட ரிஜெக்ட் பண்ணாத. வெள்ளிக்கிழம லாயர் வர்றார். உன் ஃபைல எடுத்து வெச்சிருக்கேன். நீ மானஸாகிட்ட மட்டும் பேசிடு. நான் சொன்னா கேக்க மாட்டா. நீ சொன்னா கேப்பா."

கதவைத் திறந்து இறங்கி, "முருங்கைக்கா நல்லா இருந்தா ரெண்டு கட்டு எடுத்துக்கோ" என்றார்.

கிட்டுசாமி முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து எடுத்தான். வீட்டுக்கு வந்து, மானஸாவைக் கூப்பிட்டு, முதல் அளவு தப்பு என்றான். சிப்பில் ஈரம் ஏறிவிட்டதாம். லேபுக்கு அனுப்பியதிலும் அதனால்தான் கோளாறாம். அந்தப் பட்டையை எடுத்துவிட்டு மற்ற மூன்றை வைத்துக்கொள்ளலாம்.

"பட் யூ ஸெட் தட் வாஸ் த ஹோல் பாயின்ட்."

"தப்புன்னா தப்புதாம்மா. சயின்ஸ்னா அதுதான்."

அவள் நம்பினாள். அவன் சொன்னால் நம்பும்படி அவளை ஆக்கி வைத்திருந்ததும் அவன்தான்.

வெள்ளிக்கிழமை லாயர் வந்தார். சுந்தரராமன் ஃபைலைத் திறந்தார், இரண்டு பக்கம் புரட்டினார், "ஒரு லெட்டர் மிஸ்ஸிங். அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று மூடினார். கையெழுத்துப் பேனா மேசையிலேயே கிடந்தது. வீடு கைமாறும்வரை கயிறு தன் கையில் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கிட்டுசாமிக்கும் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

பள்ளியில் மானஸாவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பிப்ரவரிக்குத் தள்ளிப்போன தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் மேடையேற்றி ஒரு கேடயம் கொடுத்தார்கள். குப்பைக்குப் போகும் சிப்பை வைத்து உயிரைக் காக்கும் கருவி செய்த தமிழ்ப் பெண் என்று மைக்கில் வாசித்தார்கள். சுந்தரராமன் எழுந்து நின்று கைதட்டினார்.

கீழே சாப்பாட்டு வரிசையில் கவினும் ஓவியாவும் கிட்டுசாமியைப் பிடித்துக்கொண்டார்கள். கவின் பெருந்துறைக்காரன், பேங்க் சாஃப்ட்வேரில் வேலை. ஓவியா இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, கையில் சர்க்கரைப் பொங்கல் அப்பியிருந்தது.

"ண்ணா, அந்தப் பெட்டி உண்மைக்கும் வேலை செய்யுமா?" என்றாள் ஓவியா.

"செய்யுமுங்க."

"எங்களுக்கு அந்த வீட்டுல வெச்சுக் காட்டுங்ணா. பேஸ்மென்ட்டப் பாப்பாவுக்கு விளையாடற ரூம் ஆக்கலாம்னு இருக்கறோம். கம்பளம் போட்டு, சின்னக் கட்டில் போட்டு. எங்க வக்கீல் கத்தறாரு, டெஸ்ட்டுக்கு ஆள் வைங்க, ஆள் வைங்கன்னு."

கவின் குறுக்கே விழுந்தான். "எதுக்குடி வெளியாளு? வர்றவன் வெள்ளக்காரன். ஏதோ ஒரு காயிதத்த நீட்டுவான். நம்ம அண்ணன் எம்.எஸ். படிச்சவரு, நம்ம பொண்ணு ப்ரைஸ் வாங்குன மெஷின். இதவிட என்ன வேணும்? நீங்களே வெச்சுப் பாத்துச் சொல்லுங்ணா. சார்கிட்டயும் கேட்டுட்டோம், தாராளமாங்கறாரு."

கிட்டுசாமி மேடைப்பக்கம் பார்த்தான். கேடயத்தோடு மகளை ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்த சுந்தரராமன், அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் சோதனைக்கூடத்தில், கண்ணாடி மூடி முழுசாக இருக்கும் சிப்பாகப் பார்த்து நாலைத் தேடினான். சிவப்புத் தொட்டியில் அப்படியும் கிடக்கும், கால் வளைந்தது, மூலை சிராய்த்தது. பொறுக்கி எடுத்து வந்து, பெட்டியைத் திறந்து, மூடி உடைந்த நாலையும் கழற்றிவிட்டு, இவற்றைப் பதித்தான். வேலை பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கை நடுங்கியது என்று சொன்னால் அது அவனுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்கும். நடுங்கவில்லை. சாலிடர் சுத்தமாக இருந்தது.

அவனுக்கு அவன் சமாதானம் இருந்தது. வீடு வாங்கியவர்கள் என்றைக்காவது தாங்களே ஒரு கிட் வாங்கிப் பார்ப்பார்கள். படித்தவர்கள்தானே. பைப்பும் ஃபேனும் அவர்களே போட்டுக்கொள்வார்கள். தான் ஊருக்கு அனுப்பப்பட்டால் யாருக்கு என்ன லாபம்? இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டான். குழந்தையின் விரலில் ஒட்டியிருந்த பொங்கல் மட்டும் எதற்கும் அடங்காமல் முன்னே வந்து நின்றது. அதையும் ஓரமாகத் தள்ளினான்.

பெட்டியை அங்கே மூன்று நாள் வைத்த பிறகு, ஒரு சனிக்கிழமைக் காலையில் எல்லோரும் பேஸ்மென்டில் கூடினார்கள். பெட்டியின் திரையில் இரண்டு.

"ரெண்டே ரெண்டு!" ஓவியா குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள். "பாப்பா, உன் ரூம் பாஸ்!"

"நான்தான் சொன்னேனே" என்றார் சுந்தரராமன். "நல்ல மண்ணு."

கவின் பெட்டியைத் தடவிப் பார்த்தான். பிறகு கிட்டுசாமியின் தோளில் கை போட்டு, சற்றுத் தள்ளி, கட்டில் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். குரலை இறக்கினான். "ண்ணா, மெஷின் கெடக்குது. நீங்க அஞ்சு வருஷம் இங்கயே படுத்து எந்திரிச்சிருக்கறீங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. பாப்பாவுக்கு நல்லா இருக்குமுங்களா?"

அந்த ஒரு கேள்விக்கு எந்தச் சிப்பையும் மாற்றி வைக்க முடியாது. அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு கெஜம் தள்ளி சுந்தரராமன் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குமுங்க கவின்" என்றான் கிட்டுசாமி. "வெயில் காலத்துல ஏசியே வேண்டாம்."

அன்று மதியம் பெட்டி மானஸாவிடம் திரும்பிப் போனது. ஷெல்ஃபில் வைப்பதற்கு முன் மூடியைத் திறந்து பார்த்தவள் டார்ச் அடித்தாள். நாலு கண்ணாடியும் பளபளத்தன.

"தீஸ் ஹேவ் லிட்ஸ் ஆன்."

"புது செட்டும்மா. பழசு..."

"ஓகே."

அப்பாவின் அறைப்பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பெட்டியை மூடினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த ஆறு வாரமும் அவள் அவனை அங்கிள் என்று கூப்பிடவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை. காலேஜ் விண்ணப்பத்தில் அந்த ப்ராஜெக்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள் என்று ஜலஜா பெருமையாகச் சொன்னாள்.

வீடு கைமாறிய அன்று சாயந்திரமே சுந்தரராமன் கையெழுத்துப் போட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். கூடுதல் கட்டணம் கட்டி அவசரமாக அனுப்பியதில் பதினைந்து நாளுக்குள் பாஸானது. கிட்டுசாமி எடிசனில் ஒரு அபார்ட்மென்டில் இடம் பிடித்தான். மூன்றாவது மாடி. முதல் காரியமாக ஊருக்கு ஃபோன் போட்டுச் சொன்னான். அப்பா, "அப்ப இனி உன்ன யாரும் திருப்பி அனுப்ப முடியாது?" என்று மூன்று தரம் கேட்டுக்கொண்டார். முடியாது என்று மூன்று தரமும் சொன்னான்.

குடிவந்து மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் கடைசியில் நல்ல நாள் பார்த்து, கவின் வீட்டில் பால் காய்ச்சினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வந்தால் போதும் என்று கூப்பிட்டிருந்தார்கள். காரில் போகும்போது கிட்டுசாமி ஒரு முடிவு எடுத்திருந்தான். எல்லாம் முடிந்துவிட்டது. சுந்தரராமன் டெக்ஸாஸ் போய்விட்டார், இனி அவரால் ஒரு மயிரும் பிடுங்க முடியாது. கவினைத் தனியே கூப்பிட்டு, சும்மா பேச்சோடு பேச்சாக, கடையில் ஒரு கிட் வாங்கி வையுங்கள் என்று சொன்னால் தீர்ந்தது. ஏன் என்று கேட்டால், வருஷம் ஒரு தரம் பார்ப்பது நல்லது என்று சொல்லிக்கொள்ளலாம்.

உள்ளே நுழைந்ததுமே கவின் அவன் கையைப் பிடித்து உயர்த்தினான். "இவருதான் நான் சொன்ன அண்ணன். தூக்கிப்போடற சிப்புல மெஷின் செஞ்சவரு. எங்க வீட்டையே டெஸ்ட் பண்ணிக் குடுத்தாரு, ஒத்தப் பைசா வாங்கல."

நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு ஆன்ட்டி, "எங்காத்து பேஸ்மென்ட்டையும் பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். கிட்டுசாமிக்கு முகம் சூடேறியது. வெட்கம் அல்ல. ஐந்து வருஷமாக யாரோ வீட்டு அடியில் கிடந்தவனை இத்தனை பேர் அண்ணாந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சோபாவில் உட்கார்ந்திருந்த செல்வராஜா கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் கதிரியக்கப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, எத்தினை வந்தது?"

"ரெண்டு, அங்கிள்" என்றான் கவின் முந்திக்கொண்டு.

"மேல் வீட்டிலை?"

"மேல மானஸா போஸ்டர்ல ஹாலுக்குப் பதினொண்ணு போட்டிருந்துச்சு."

செல்வராஜா தட்டைக் கீழே வைத்தார். "அதெப்பிடி? மண்ணிலை இருந்துதானே வாறது. கீழைதான் கூட இருக்க வேணும், மேலை குறைய. இது தலைகீழா எல்லோ கிடக்கு. உங்கட பெட்டியிலை ஏதோ பிழை போலை, தம்பி."

எல்லோரும் கிட்டுசாமியைப் பார்த்தார்கள். கவினும் பார்த்தான். அவன் முகத்தில் சந்தேகம் துளியும் கிடையாது. அண்ணன் என்ன பதில் சொல்லிப் பெரியவரை மடக்கப் போகிறார் என்று பார்க்கிற ஆவல்தான் இருந்தது.

வழி தானாகவே திறந்து கிடந்தது. ஆமாங்க, பிழையா இருக்கலாம், எதுக்கும் இன்னொரு தரம் பாத்துருங்க. இவ்வளவு சொன்னால் போதும். பொய்கூட அல்ல. ஆனால் அதைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் அவன் செய்த மெஷின் தப்பு. எம்.எஸ். படித்தவன் தப்பு. கவின் தூக்கிப் பிடித்த கையை மெல்லக் கீழே விடுவான்.

"பிழையில்லீங்க" என்றான் கிட்டுசாமி. "நாங்க பார்த்தது பிப்ரவரியிலீங்க. மண்ணு ஐஸா உறைஞ்சு கெடந்துச்சு. உறைஞ்சா கேஸ் மேல வராதுங்க. இந்த ஊரு மண்ணுக்கு அப்படித்தானுங்க. நான் ரெண்டு வருஷம் படிச்சுப் பார்த்திருக்கறனுங்க."

சுத்தப் புளுகு. குளிர்காலத்தில் மேல் மண் உறைந்து, கதவு ஜன்னல் எல்லாம் மூடிக் கிடக்கும்போதுதான் அது வீட்டுக்குள் அதிகம் ஏறும். செல்வராஜாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எதிரே நிற்பவன் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் தன் நினைவையே சந்தேகப்பட்டார் போலிருக்கிறது. "ஓம், அப்பிடியும் இருக்கலாம். எனக்கு வயசு போச்சு" என்று தட்டைக் கையில் எடுத்தார்.

"பாத்தீங்களா!" என்று கவின் சிரித்தான். "எங்க அண்ணன்கிட்டயா?"

சமையலறையிலிருந்து ஓவியா வந்தாள். தோளில் குழந்தை, வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தது. "ண்ணா, பந்தி போடோணும், கை ஒழியல. பாப்பாவக் கீழ படுக்க வெச்சுட்டு வந்துர்றீங்களா? மேல ஒரே சத்தம். அவளுக்குக் கீழதான் தூக்கமே வருது. ராத்திரியும் அங்கயேதான்."

கேட்டவள் கையிலிருந்து குழந்தை அவன் தோளுக்கு மாறியது. எடையே இல்லை. அதன் மூச்சு அவன் கழுத்தில் பட்டுப் பட்டுப் போனது. பதினான்கு படி. கீழே மஞ்சள் பெயின்ட் அடித்து, சுவரெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் ஒட்டியிருந்தார்கள். அவன் கட்டில் கிடந்த மூலையில் தாழ்வாக ஒரு சின்னக் கட்டில், தரையோடு தரையாக. குனிந்து படுக்க வைத்தான். குழந்தை சிணுங்கிவிட்டுப் புரண்டு படுத்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான்.

"ண்ணா, இலை போட்டாச்சு!" மேலிருந்து கவினின் குரல்.

"வர்றனுங்க" என்றான். படியேறி வந்து, மேலே நடக்கும் சத்தம் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்று கதவை இடுக்கு இல்லாமல் சாத்தினான். பிறகு கை கழுவிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தான்.